கைகளைக் கட்டிப் பழக நினைக்கும் தம்பதிக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. திருமணமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கட்டுவது, லேசாக அடிப்பது போன்றவற்றைப் படுக்கையறையில் முயன்று பார்க்கலாம் என்ற யோசனை உங்களுடையது. கணவருக்கும் ஆர்வம் இருக்கிறது. இணையத்தில் சில காணொலிகளைப் பார்த்துவிட்டு, எந்தக் கயிறு வாங்குவது, எந்த முடிச்சிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், கழுத்தைப் பிடிப்பதற்கும் பாதுகாப்பான முறை ஒன்று இருக்கிறதாமே, அதையும் சொல்லுங்கள் என்று போகிற போக்கில் சேர்த்திருக்கிறீர்கள். எழுதியிருப்பது முடிச்சைப் பற்றி. ஆனால் எது சிரிப்போடு முடியும், எது ஆஸ்பத்திரியில் முடியும், அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். போகிற போக்கில் கேட்ட கடைசி வரிதான் இவற்றில் ஆபத்தானது. ஆகவே அதற்கே முதலில் பதில்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் உடலியக்க மறுவாழ்வுத் துறை மருத்துவர். நரம்பு அழுந்திக் கை தொங்கிப்போனவர்கள், பாதத்தைத் தூக்க முடியாதவர்கள் என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் விபத்து, சர்க்கரை நோய், குடித்துவிட்டு நாற்காலியின் முதுகில் கையைப் போட்டபடி உறங்கியது என்று காரணங்கள் இருக்கும். எப்போதாவது கயிறும் காரணமாக இருக்கும். ஆனால் கயிற்றால் வந்தவர் கயிறு என்று சொல்வதில்லை. 'கை அடியில் சிக்கியபடி தூங்கிவிட்டேன்' என்பார். மணிக்கட்டில் இரண்டு இணைகோடுகளாகப் பதிந்திருக்கும் தடம் வேறு கதை சொல்லும். கட்டும் கலையை நான் கற்பிப்பதில்லை. அழகான பின்னல்களைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கட்டினால் தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது என் தொழில். அந்த எல்லைக்குள் நின்றே பேசுகிறேன்.

கழுத்து. இதற்குப் பாதுகாப்பான முறை கிடையாது. கற்றுக்கொண்டு செய்தால் பரவாயில்லை என்ற வகையிலும் இது சேராது. மூச்சுக்குழாயை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மட்டும் அழுத்தினால் ஆபத்தில்லை என்று காணொலிகளில் சொல்கிறார்கள். பக்கவாட்டில் இருப்பது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி. 1943இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இளைஞர்களின் கழுத்தில் காற்றடைத்த பட்டையைக் கட்டி மூளைக்கான ரத்த ஓட்டத்தைத் திடீரென்று நிறுத்திப் பார்த்தார்கள். 5 முதல் 10 நொடிகளுக்குள் நினைவு போய்விட்டது. இன்று எந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத ஆய்வு. ஆனால் அந்த எண் இன்றும் நிற்கிறது. நிறுத்தச் சொல்லி ஒரு சொல்லை வைத்திருக்கிறோமே என்பீர்கள். அந்தச் சொல்லை நினைத்து, வாயைத் திறந்து, அதை அவர் கேட்டு, கையை எடுப்பதற்குள் உங்கள் நினைவு போயிருக்கும். இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று: அழுத்தத்தில் தமனியின் உட்சுவர் கிழிந்தால், அங்கே ரத்தம் உறைந்து, சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துப் பக்கவாதமாக வரலாம். வெளியே ஒரு தடமும் இல்லாமலேயே இது நடக்கலாம். பல முறை செய்தோம், ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த முறைக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

இதில் இன்னும் தீராத கேள்வி ஒன்றும் இருக்கிறது. நினைவு போகும் அளவுக்கு அழுத்தாமல், அடிக்கடி லேசாக அழுத்தப்படுபவர்களின் மூளையில் காலப்போக்கில் மாற்றம் வருமா என்பதை அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டெபி ஹெர்பெனிக் குழுவினர் ஆராய்கிறார்கள். வித்தியாசங்கள் தென்படுவதாகச் சொல்கிறார்கள். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் முடிந்த முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் முடிவுக்கு அந்த ஆய்வு தேவையும் இல்லை; அந்த முதல் 10 நொடிகளே போதும். அந்த உணர்வுதான் வேண்டும் என்றால் கையைக் காறை எலும்புக்குக் கீழே, மேல்மார்பில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்கெனவே செய்து பார்த்திருந்து, பிறகு குரல் கம்முதல், விழுங்கச் சிரமம், புதிதாகக் கழுத்துவலி அல்லது தலைவலி, பார்வை மங்குதல், ஒரு பக்கம் பலவீனம் என்று ஏதாவது வந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

இவையெல்லாம் மேற்கிலிருந்து புதிதாக வந்தவை என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில், கலவியின்போது அடிப்பதைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. தென்னாட்டினரின் வழக்கம் என்று சில அடிகளை அவர் பெயர் சொல்லி வகைப்படுத்துகிறார். கூடவே அவற்றைக் கண்டிக்கவும் செய்கிறார். காரணமாக அவர் காட்டும் மூன்று சம்பவங்களில் முதலாவது நம் ஊருக்கு வருகிறது: சோழ அரசன் ஒருவன் சித்திரசேனை என்ற கணிகையை 'கீலா' என்ற மார்படியால் கொன்றுவிட்டான். இரண்டாவதில் சாதவாகன அரசன் தன் பட்டத்தரசி மலயவதியைக் கொன்றுவிடுகிறான். மூன்றாவதில் குறி தவறிய அடியால் ஒரு நடனப் பெண்ணின் கண் போகிறது. இவை வரலாறா, சொல்லி வந்த கதைகளா என்பது வேறு விவாதம். மூன்று அடிகளும் விழுவதாக அந்த நூல் சொல்லும் இடங்கள் மார்பு, தலை, கன்னம். இன்று ஒரு மருத்துவரிடம் எங்கே அடிக்கக் கூடாது என்று கேட்டாலும் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்கும்.

இப்போது கயிறு. காணொலிகள் முடிச்சைக் காட்டுகின்றன. எனக்கு முடிச்சைவிட அது உட்காரும் இடம் முக்கியம். இதைப் படிக்கும்போதே உங்கள் கையிலேயே தேடிப் பாருங்கள். முழங்கையின் உட்புறம் துருத்தி நிற்கும் எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே விரலால் உருட்டினால் கயிறுபோல ஒன்று நழுவும். சுண்டுவிரல் வரை சுரீரென்று பாயும். இடித்துக்கொண்டால் 'ஷாக் அடித்தது' என்போமே, அது இதுதான், அல்நார் நரம்பு. அடுத்து, மேல்கையின் வெளிப்புறம். தோள் தசை ஒரு முனையாகக் குறுகி முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டிச் சுற்றி வருகிறது. அதைத் தொட்டு உணர முடியாது. ஆனால் கயிற்றுக்கும் எலும்புக்கும் இடையில் அது சிக்கினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். கைகளைப் பின்னால் மடக்கி மேல்கையோடு சேர்த்து மார்பைச் சுற்றிக் கட்டும் ஜப்பானியக் கட்டு பார்க்க அழகாக இருக்கும். பழகியவர்களிடமும் கை தொங்கிப்போவது பெரும்பாலும் அந்தக் கட்டில்தான். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மணிக்கட்டில், கட்டை விரல் பக்கம், தோலுக்கு நேர் அடியில் அதே ரேடியல் நரம்பின் ஒரு கிளை ஓடுகிறது. போலீஸ் விலங்கு இறுகியவர்களுக்குக் கட்டை விரலின் பின்புறம் மரத்துப்போவது இதனால்தான். மருத்துவ நூல்களில் இதற்கு விலங்கின் பெயரிலேயே ஒரு நோய் இருக்கிறது. காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் ஒரு சிறு எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றி ஓடும் பெரோனியல் நரம்பு அழுந்தினால் பாதம் தொய்ந்துபோகும். நடக்கும்போது பெருவிரல் தரையில் இழுபடும். கடைசியாக அக்குள். அங்கே கைக்கான எல்லா நரம்புகளும் ஒரே கொத்தாகப் போகின்றன. கயிறு அக்குளுக்குள் போகக் கூடாது. கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கட்டி நெடுநேரம் வைத்தால், கயிறு எங்குமே அழுத்தாவிட்டாலும் இந்தக் கொத்து இழுபடும்.

கட்டப்பட்டவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முழுக் கையும் மெல்ல மெல்லக் கனத்து, ஊதா நிறமாகி, எறும்பு ஊர்வதுபோல இருந்தால் அது பெரும்பாலும் ரத்தம் தேங்குவது. தளர்த்தினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். ஆனால் ஒரு விரலில் மட்டும், அல்லது கையின் ஒரு பாதியில் மட்டும் திடீரென்று மரத்துப்போவது, மின்சாரம் பாய்வதுபோலச் சுரீரென்பது, விரல் சொன்னபடி கேட்காமல் போவது, இவை நரம்பு. அப்போது தளர்த்திப் பார்க்கலாமா என்ற பேச்சே கூடாது, அவிழ்க்க வேண்டும். இதில் ஒரு பொல்லாத்தனம் இருக்கிறது: நரம்பு அழுந்தும்போது வலிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வலியில்லாமலேயே பலம் போய்விடும். அதனால் 'வலிக்கிறதா' என்று கேட்பது போதாது. செய்து காட்டச் சொல்ல வேண்டும். மணிக்கட்டைப் பின்னால் வளைத்து, கட்டை விரலை உயர்த்து: அது ரேடியல். கட்டை விரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் வட்டமாகச் சேர்த்து இறுக்கிப் பிடி: அது மீடியன் என்ற மூன்றாவது கை நரம்பு. விரல்களை விசிறிபோல விரி: அல்நார். காலில் கட்டியிருந்தால் பாதத்தை முகத்தை நோக்கித் தூக்கு. நான்கையும் கட்டுவதற்கு முன்பே ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள், அவருடைய வழக்கமான பலம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். பிறகு ஓரிரு நிமிடங்களுக்கு ஒரு முறை. உங்கள் இரண்டு விரல்களை அவர் பிடித்து அழுத்தும் அந்த நொடி, பேச்சில்லாமலேயே 'சரிதானா' என்ற கேள்விக்கும் பதிலாகிவிடும்.

காயம் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நரம்புக் காயங்களை செடான் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1943இல் மூன்றாகப் பிரித்தார்; இன்றும் அந்தப் பிரிவையே அடிப்படையாக வைத்திருக்கிறோம். நமக்கு இங்கே வேண்டியவை முதல் இரண்டு. லேசான வகையில் நரம்பின் உறை மட்டும் நசுங்கும். சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் தேறிவிடும். அடுத்த வகையில் உள்ளிருக்கும் இழையே அறுந்துபோகும்; அது நாளொன்றுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வீதம்தான் மீண்டும் வளரும். மேல்கையிலிருந்து மணிக்கட்டுத் தசை வரை வளர மாதக்கணக்கில் ஆகும். கயிற்றால் வருபவை பெரும்பாலும் முதல் வகைதான். ஆனால் முதல் நாளில் இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

கயிறு எது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் கைக்கு எட்டும் பெரும்பாலானவை தவறானவை. துணி காயப்போடும் நைலான் கொடி வழுக்கும், முடிச்சு நகர்ந்து இறுகும், உரசினால் தோலைச் சுடும். தேங்காய் நார்க் கயிறு தோலைக் கீறும். பட்டும் மெல்லிய துப்பட்டாவும் மென்மையாகத் தெரிந்தாலும், இழுபட்டதும் முடிச்சு கல்லாக இறுகிவிடும். அவசரத்தில் நகம் உடைந்தாலும் அவிழாது. பருத்திக் கயிறோ மெருகேற்றிய சணல் கயிறோ, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனில், ஏழெட்டு மீட்டர் நீளம் பழகப் போதும். இன்னும் நல்லது, முதலில் கயிறே வேண்டாம். அகலமான, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, வெல்க்ரோ ஒட்டும் கைப்பட்டைகள் கிடைக்கின்றன. அகலம் கூடினால் அழுத்தம் பரவும். ஒரே இழுப்பில் கழன்றுவிடும். விளையாட்டுப் பொருளாக விற்கும் உலோக விலங்குகளைத் தவிர்த்துவிடுங்கள். பூட்டிய பிறகு மேலும் இறுகாமல் தடுக்கும் இரட்டைப் பூட்டு அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. சாவி கட்டிலுக்கு அடியில் உருண்டால் அந்த இரவு முழுவதும் சாவி தேடுவதிலேயே போய்விடும்.

முடிச்சில் ஒரே ஒரு கொள்கை. கயிற்றை நடுவில் மடித்து இரட்டையாக வைத்துக்கொண்டு, மணிக்கட்டு மடிப்பின் மேல் அல்லாமல் இரண்டு விரற்கடை மேலே, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பட்டையாக இரண்டு மூன்று சுற்று. பிறகு முடிச்சு அந்த எல்லாச் சுற்றுகளையும் சேர்த்து அணைக்க வேண்டும். சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க ஒரே வழி, நீண்டு கிடக்கும் முனையைப் பிடித்து நன்றாக இழுப்பது. இழுத்தால் வளையம் சுருங்குகிறதா? அப்படியானால் அது சுருக்கு. மனித உடலில் போடக் கூடாது. இதைக் கையில் பழகாதீர்கள். முதல் சில நாட்கள் உங்கள் தொடையிலோ, சுருட்டிய தலையணையிலோ பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்க வருகிற வரை வேறொருவர் மீது போடாதீர்கள்.

அதோடு கத்தரி. சர்ஜிகல் கடைகளில் கட்டுத்துணி வெட்டும் கத்தரி கிடைக்கும். கீழ்முனை மழுங்கி வளைந்திருக்கும், தோலுக்கும் துணிக்கும் நடுவே நுழைத்தாலும் குத்தாது. விலை அதிகமில்லை. சமையலறைக் கத்தியும் பிளேடும் அதற்கு மாற்றல்ல. வாங்கியதும் கயிற்றில் ஒரு துண்டை ஒதுக்கி, அதை ஈரத் துவாலையைச் சுற்றிக் கட்டி, விளக்கை அணைத்துவிட்டு, இடது கையால் வெட்டிப் பாருங்கள். பத்து நொடிக்குள் முடிகிறதா? முதல் முறை முடியாது. கயிறு நழுவும், கத்தரி மடங்கும். அதைத் தெரிந்துகொள்ள நல்ல இரவு ஒன்றும் கெடாத நேரம் இதுதான். விலை கொடுத்து வாங்கிய கயிற்றை வெட்ட மனம் வராது என்று நினைத்தால், விலை குறைந்த கயிறு வாங்குங்கள்.

இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டால் போதும், இருபது நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் புழங்குகின்றன. கெட்ட விதிகள் அல்ல; பின்பற்றுங்கள். ஆனால் அவை அனுபவத்தில் கைமாறி வந்தவை, ஆய்வகத்தில் அளந்து கண்டவை அல்ல. நரம்பு ஓடும் வழியே ஆளுக்கு ஆள் சற்று மாறும். நேற்று ஒன்றும் ஆகாத கட்டு இன்று இரண்டு நிமிடத்தில் மரத்துப்போக வைக்கலாம். கை வைத்திருக்கும் கோணம் மாறியிருந்தாலே போதும். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, முன்பே விரல் மரத்துப்போகும் தொந்தரவு, கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் நரம்பின் பொறுமை இன்னும் குறைவு. அவர்களுக்கு அந்த இருபது நிமிடத்தை நான் ஐந்தாகச் சொல்வேன்.

இனி சொல்பவற்றுக்கு விவாதமே இல்லை. கட்டப்பட்டவரைத் தனியே விட்டுப் போகக் கூடாது. கதவுமணி அடித்தாலும், பால் பொங்கினாலும், அவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக் குப்புறப் படுக்க வைக்காதீர்கள், நெஞ்சு விரியாமல் மூச்சு திணறும். வாயை அடைத்தால் சொல்லால் நிறுத்த முடியாது. வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போகும். ஆரம்பத்தில் அது வேண்டவே வேண்டாம். நின்ற நிலையில் கைகளைக் கட்டினால், மயங்கி விழும்போது முகத்தைக் காத்துக்கொள்ளக் கை இருக்காது. மின்விசிறிக் கொக்கியிலோ ஊஞ்சல் வளையத்திலோ ஆளைத் தொங்கவிடும் யோசனை வந்தால் உடனே கைவிடுங்கள். விசிறியைத் தாங்கப் போட்ட கொக்கி அசையும் மனித உடலின் எடைக்குப் போட்டதல்ல. தொங்கவிடுவது ஆண்டுக்கணக்கில் நேரில் பயின்றவர்களே தவறும் இடம்.

அடிப்பது பற்றிச் சுருக்கமாக. சதை தடித்த இடங்கள் மட்டும்: பிட்டத்தின் கீழ்ப்பாதி, தொடையின் பின்புற மேல்பகுதி. இடுப்புக்கு மேலே முதுகின் இருபுறமும் சிறுநீரகங்கள். முதுகெலும்பு, வால் எலும்பு, வயிறு, மூட்டுகள், கழுத்து, முகம், காது எல்லாம் விலக்கு. உள்ளங்கையால் தொடங்குங்கள், ஏனென்றால் கொடுக்கும் கைக்கும் எவ்வளவு விழுந்தது என்று தெரியும். பெல்ட்டும் பிரம்பும் நுனி சுழன்று எதிர்பாராத இடத்தில் விழும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ஆஸ்பிரின் உட்பட, இதைத் தவிர்க்க வேண்டும். மெழுகுவத்தியில், சாதாரண வெள்ளைப் பாரஃபின் ஓரளவு குறைந்த வெப்பத்தில் உருகும். தேன்மெழுகு அதைவிடச் சூடு, வாசனையும் வண்ணமும் சேர்த்தவற்றின் சூட்டை நம்பவே முடியாது. எதுவானாலும் முதலில் தன் முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டே அடுத்தவர் மீது. சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய் நீர். பற்பசை, பேனா மை, மாவு எதையும் பூசாதீர்கள்.

நுட்பங்களை இவ்வளவு நேரம் சொன்னேன். ஆனால் என் கணிப்பில் பெரும்பாலான விபத்துகள் நுட்பம் தெரியாமல் நடப்பவை அல்ல, பேசாமல் நடப்பவை. மரத்துப்போகிறது என்று தெரிந்தும், அவர் ஆசையாகச் செய்கிறாரே, கெடுப்பானேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவது. நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, 'வேண்டாம்' என்று சொல்வதைவிடப் பொறுத்துக்கொள்வது எளிதாக வருகிறது. ஆகவே உடை உடுத்தியிருக்கும்போதே, பகலில், காபி குடித்துக்கொண்டே பேசிவிடுங்கள். எது வேண்டும், எது ஒருபோதும் வேண்டாம், உடம்பில் பழைய காயம் என்ன, எந்தச் சொல் காதில் விழுந்தால் மனம் நோகும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று சொற்கள் வைத்துக்கொள்வது உலகம் முழுவதும் பழக்கம்: போகலாம், கொஞ்சம் மெதுவாக, உடனே நிறுத்து. விளையாட்டுக்காக நீங்கள் 'ஐயோ, வேண்டாம்' என்று சொல்லக்கூடும் என்பதால் இந்தத் தனிச் சொற்கள். ஆனால் இருவருக்கும் இது பழகும் வரை, சாதாரண 'வேண்டாம்' என்பதற்கே நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேஃப்வேர்டு, அதாவது இப்படி நிறுத்தச் சொல்லும் தனிச் சொல், இருக்கிறது என்று கட்டுபவர் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. பயத்திலோ, உணர்ச்சிப் பெருக்கிலோ சிலருக்குப் பேச்சே வராது, உடம்பு கல்லாகிவிடும். மௌனம் சம்மதம் என்று பழமொழியாகச் சொல்வது இங்கே செல்லாது. முகம் வெளிறுவது, வியர்த்துக் குளிர்வது, கேள்விக்குப் பதில் வராமல் போவது எல்லாமே சிவப்பு. மது அருந்தியிருந்தால் அன்றைக்கு எதுவும் வேண்டாம். குடித்தவருக்கு வலியும் தெரியாது, குடித்த கைக்கு இறுக்கமும் தெரியாது. முடிந்த பிறகு எழுந்து விளக்கைப் போட்டு அவரவர் போனைப் பார்க்கப் போய்விடாதீர்கள். போர்வை, தண்ணீர், பக்கத்தில் ஆள். அன்று மகிழ்ச்சியாக இருந்துவிட்டு, ஓரிரு நாள் கழித்துக் காரணமின்றி மனம் சோர்வது பலர் சொல்லும் அனுபவம். இதன் காரணம் ஹார்மோன்கள்தான் என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அப்படி வரலாம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் ஒருவரையொருவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

இப்படி ஆசைப்படுவது நோயா என்ற கேள்வி உங்கள் எழுத்தில் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. இல்லை. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, சம்மதத்தோடு நடக்கும் இத்தகைய விருப்பங்களை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சம்மதம் இல்லாதவர்மீது வன்முறை செய்யும் விருப்பம் அதில் நோயாகவே இருக்கிறது. 2013இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு, இவற்றில் ஈடுபடுவோரின் மனநலம் மற்றவர்களைவிடச் சற்று மேலாகவே இருப்பதாகச் சொன்னது. அதை நான் அளவோடுதான் எடுத்துக்கொள்வேன். தாங்களாகவே முன்வந்து படிவம் நிரப்பியவர்களைக் கொண்ட ஆய்வு அது.

சட்டம் என் துறையல்ல, ஆனாலும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள். நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, 18 வயதைக் கடந்தவர் சம்மதித்தால் சிறு காயத்துக்கான செயலைக் குற்றமாகக் கொள்வதில்லை. வாள்பயிற்சிபோல ஒருவரோடொருவர் விளையாட இசைந்தவர்கள்தான் அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று தெரிந்த செயலுக்கு அந்தச் சம்மதம் கவசமாகாது. கழுத்துக்கு மீண்டும் வருகிறோம். இங்கிலாந்தில் 1993இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, சம்மதத்தோடு காயப்படுத்திக்கொண்ட ஆண்களின் தண்டனையை 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் உறுதி செய்தது. அங்கே 2021இல் வந்த சட்டம் கடுங்காயத்துக்குப் பாலின்பச் சம்மதத்தைக் காரணம் காட்ட முடியாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டது. படம் எடுக்க நீங்கள் சம்மதித்திருந்தாலும், அதைப் பிறருக்கு அனுப்பச் சம்மதிக்காதபோது அனுப்புவது நம் நாட்டில் 77ஆம் பிரிவின்படி குற்றம். என் யோசனை, முகம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் படமே எடுக்காதீர்கள். என்றாவது 'சிவப்பு' என்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை என்றால், நான் இதுவரை எழுதியது எதுவும் அதற்குப் பொருந்தாது, அது விளையாட்டல்ல. தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181.

யாரிடம் கற்றுக்கொள்வது என்றால், நேரில் பார்த்துப் பழகுவது காணொலியைவிட மேல். காணொலியில் கயிற்றின் இறுக்கம் தெரியாது. நடுவே நிறுத்தி அவிழ்த்த பகுதிகளை வெட்டிவிட்டிருப்பார்கள். பெருநகரங்களில் இதற்கென்று சிறு வட்டங்கள் இருக்கின்றன. போவதாக இருந்தால் இருவருமாகப் போங்கள், முதலில் பொது இடத்தில் சந்தியுங்கள். கற்பிப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்கள் கையில் யாருக்காவது நரம்பு மரத்துப்போனதுண்டா, அப்போது என்ன செய்தீர்கள்?' ஒருபோதும் இல்லை என்று பெருமையாகச் சொல்பவரிடமும், சேஃப்வேர்டு எல்லாம் ஆரம்பக்காரர்களுக்கு என்று சிரிப்பவரிடமும் கற்காதீர்கள். எந்த இடத்தில் மரத்தது, எத்தனை நாளில் சரியானது, அதன் பிறகு எதை மாற்றினேன் என்று விவரமாகச் சொல்பவரிடம் இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம்.

அவிழ்த்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மரத்துப்போன உணர்வு நீடித்தால், அல்லது மணிக்கட்டையோ விரலையோ பாதத்தையோ தூக்க முடியாவிட்டால், தைலம் தேய்க்காமல், நீவிவிடாமல், வெந்நீர் ஒத்தடம் கொடுக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்பளித்துவிடும். தொய்ந்த மணிக்கட்டுக்கு ஒரு தாங்குபட்டை போட வேண்டியிருக்கும். நரம்பு மின்கடத்தல் சோதனை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெளிவான விடை தரும் என்பதால், அன்றே எடுக்கவில்லையே என்று பதற வேண்டாம். மருத்துவரிடம் நீண்ட கதை தேவையில்லை. 'மேல்கையில் கயிறு இறுகி இருந்தது, சுமார் பதினைந்து நிமிடம், எங்கள் இருவர் சம்மதத்தோடு' என்றால் போதும். எந்த இடம், எவ்வளவு நேரம் என்ற இரண்டும் எங்களுக்குக் கிடைத்துவிட்டால், தேவையில்லாமல் கழுத்துக்கு ஸ்கேன் எழுதிக் கொடுக்க மாட்டோம்.